இரண்டு விரல் காற்று

"கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று யாராவது வழி சொன்னால் யூனிட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எவ்வளவு தள்ளி, எதிலிருந்து தள்ளி, எந்தப் பக்கம் தள்ளி என்று அடுக்கிக் கேட்பாள். வழி சொன்னவர் ஏன்டா வாயைத் திறந்தோம் என்று நொந்துபோவார். கல்யாணமான புதிதில் மாமியார், "அரிசிக்கு மேல ரெண்டு விரல் தண்ணி வை" என்றதற்கு, "யாரோட விரல் அத்தை? உங்க விரலா, என் விரலா? படுக்க வெச்சா, நிக்க வெச்சா?" என்று கேட்டுவைத்தாள். மாமியார் கரண்டியை மேடைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க வரவேயில்லை.

யூனிட்டக்கா என்ற பெயரை வைத்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கரையிலிருந்து எதிரே இருக்கும் தீவுக்குப் போய்வரும் பயணிகள் படகில் அவன் ஸ்ராங்கு, படகை ஓட்டுகிற தலைவன். படகும் அதில் ஏறுகிற உயிர்களும் அவன் பொறுப்பு. அக்காவோ வானிலை ஆபீஸில் வேலை பார்ப்பவள். அவள் கொடுக்கிற காற்றைப் பார்த்துத்தான் அவன் தினமும் படகை எடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் வில்லங்கம் வர இதைவிட என்ன வேண்டும்?

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டால் அவள் கணவருக்கே சொல்லத் தெரியாது. "மழை வருமா வராதான்னு சொல்வா" என்பார். அதுதான் இல்லை. மழை வருமா என்று கணக்குப் போடுவது எங்கோ இருக்கிற ஒரு பெரிய மையம். அவர்கள் நிலத்தையும் கடலையும் சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை வெப்பம், இத்தனை மழை, இத்தனை காற்று என்று எண்களை நிரப்பி ஃபைலாக அனுப்புவார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது, எந்த யூனிட்டில் இருக்கிறது, எந்தக் கட்டம் எந்த ஊர்மேல் விழுகிறது என்று பார்த்து, மனுஷர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

கேட்க லேசாகத்தான் இருக்கும். வெப்பம் கெல்வினில் வரும். இருநூற்று எழுபத்து மூன்றும் சொச்சமும் கழித்தால்தான் நமக்குத் தெரிந்த டிகிரி. மழை ஒரு ஃபைலில் மீட்டரில் வரும், இன்னொன்றில் மில்லிமீட்டரில் வரும். காற்று வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும், படகுக்காரர்களுக்குக் கடல்வேகக் கணக்கான நாட்டில் வேண்டும். ஒரு மையம் வரிசைகளை வடக்கிலிருந்து தெற்கே அடுக்கும், இன்னொரு மையம் தெற்கிலிருந்து வடக்கே அடுக்கும். இதைக் கவனிக்காமல் ஒருத்தர் ஃபைலை ஏற்றியதில், மலையில் இருக்க வேண்டிய குளிர் ஒரு நாள் முழுக்கக் கடற்கரையில் வந்து உட்கார்ந்திருந்தது. அதையும் நாலு பேர் நம்பி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவளுக்கு எண்கள் ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. ஆட்கள்தான் கொடுத்தார்கள். பத்திரிகை உதவியாசிரியர் ஒருவர் வாரம் தவறாமல் போன் செய்வார்.

"மேடம், மழை நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போகுதே, ஊரு முழுகிடுமா?"

"சார், அது தொடக்கத்துல இருந்து சேர்ந்த மொத்தம். நேத்து வரைக்கும் உள்ளதைக் கழிச்சாத்தான் இன்னிக்குப் பெய்யறது."

"அதை நீங்களே கழிச்சுக் கொடுக்கக் கூடாதா?"

"கழிச்சுத்தான் ரெண்டாவது வரிசையில கொடுத்திருக்கேன்."

"எங்க பக்கத்துல முதல் வரிசையைத்தான் மேடம் எடுப்போம். அதான் பழக்கம்."

போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். மேலதிகாரி இன்னும் ஒரு படி மேலே. இன்றைக்கும் நாளைக்கும் மூன்று கெல்வின் வித்தியாசம் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். கெல்வின் என்று கண்ணில் பட்டதுமே அவர் சமர்த்தாக அதிலும் இருநூற்று எழுபத்து மூன்றைக் கழித்து, நாளைக்கு வெப்பம் இருநூற்று எழுபது டிகிரி குறையும் என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டார். வித்தியாசத்தில் எதையும் கழிக்கக் கூடாது சார், ஒரு கெல்வின் வித்தியாசமும் ஒரு டிகிரி வித்தியாசமும் ஒன்றுதான் என்று அவள் சொன்னதற்கு, "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா" என்று அவள்மேலேயே பாய்ந்தார். அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்துவிடுவான். வந்து உட்காரும்போதே ஆரம்பிப்பான்.

"அக்கா, உங்க ஆபீஸ் காத்துக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு. எப்பப் பாரு இடப்பக்கமே திரும்பி நிக்குது. ஒரு நல்ல தைலமா தேய்ச்சு அனுப்பக் கூடாதா?"

அவன் மனைவி சிரிப்பாள், யூனிட்டக்காவின் கணவர் சிரிப்பார், பிள்ளைகள் கழுத்தைக் கோணிக்கொண்டு அறையைச் சுற்றி வருவார்கள். இவள் மட்டும் கரண்டியும் கையுமாக நின்று, "உனக்கு நாட் எது மீட்டர் எதுன்னே தெரியாது, திசையைப் பத்திப் பேச வந்துட்டான்" என்பாள். வருஷக்கணக்காக இந்த வேடிக்கை நடந்தது. இரண்டு பேரில் ஒருவராவது அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வருஷம் மையத்திலிருந்து புது வகை ஃபைல் வரத் தொடங்கியது. கூடவே விளக்கக் குறிப்பும் வந்தது. அதையெல்லாம் யார் படிப்பார்கள்? யூனிட்டக்கா படிப்பாள். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். காற்றுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு எண்களும் கிழக்கு, வடக்கை வைத்துச் சொன்னவை அல்ல; கட்டத்தின் குறுக்கையும் நெடுக்கையும் வைத்துச் சொன்னவை என்று போட்டிருந்தது. பழைய ஃபைல்களின் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதேதான் இருந்தது.

உருண்டையாக இருக்கிற பூமியைத் தட்டையான கட்டத்தில் விரித்தால் எங்காவது இழுத்துப் பிடித்துத்தான் ஆக வேண்டும். இவர்கள் விரித்த முறையில் கட்டத்தின் 'மேலே'யும் உண்மையான வடக்கும் நடுக்கோட்டில் மட்டும்தான் ஒன்று சேரும். ஓரத்துக்குப் போகப் போக வடக்கு சாய்ந்துகொண்டே போகும். துறைமுகம் இருப்பது கிழக்கு ஓரத்தில். அங்கே சாய்வு பதினாலு டிகிரி. அந்த அளவுக்குக் காற்றின் திசையைத் திருப்பிவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும். எப்போதோ ஓய்வு பெற்றுப்போன புரோகிராமர் திருப்பவே இல்லை. அவர் சரிபார்த்தது தலைமை அலுவலகம் இருக்கிற ஊரை வைத்து; அந்த ஊர் சரியாக நடுக்கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எல்லாம் ஒத்துப்போனதும் மகராசன் வேலை முடிந்தது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அடப்பாவி, நிஜமாவே கழுத்து சுளுக்குதான்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். நாலு வரி எழுதினால் தீர்கிற விஷயம். எழுதி, துறைமுகத்தில் இருக்கிற காற்றுமானியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பொருந்தியது. மேலதிகாரியிடம் போனாள்.

"சார், நாளையிலேர்ந்து காத்துத் திசை மாறும். படகுக் கம்பெனிக்கு, துறைமுகத்துக்கு, எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பிடலாம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரியாத்தானே ஆகுது? சரியானதுக்கு எதுக்கும்மா அறிவிப்பு? இத்தனை வருஷம் தப்பாக் கொடுத்தோம்னு நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கவா?"

"மாறுதுன்னு தெரியணும்ல சார்."

"தப்பு சரியானா எவனுக்குக் கேடு? போம்மா, போய் வேலையைப் பாரு."

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அவர் கடைசியாகச் சொன்னதில் பிழை இருப்பதாக அவளுக்கும் அப்போது படவில்லை. சரியான காற்றைக் கொடுத்தால் படகுக்கு நல்லதுதானே? ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து கழுத்தைப் பற்றி ஆரம்பிக்கட்டும், தைலம் தேய்த்தாகிவிட்டது என்று சொல்லி மூக்கை உடைக்கலாம் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் படகு தீவின் படித்துறையில் மோதிவிட்டது.

தீவுக்கு இரண்டு துறை, வடக்குத் துறை, தெற்குத் துறை. காற்று மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே விலகி அடித்தால் தெற்குத் துறை பத்திரம். தெற்கே விலகி அடித்தால் வடக்குத் துறை. எந்தத் துறை என்று காலையிலேயே முடிவு செய்து டிக்கெட் கவுண்டரில் பலகை மாட்டிவிட வேண்டும், ஏனென்றால் தீவில் பயணிகளை ஏற்ற வண்டிகள் அந்தத் துறைக்குத்தான் வந்து நிற்கும். தம்பி தெற்கு என்று மாட்டினான். பாதிக் கடலில் காற்று ஒரு மாதிரி இருப்பது அவனுக்கே உறைத்திருக்கிறது. ஆனால் வண்டிகள் தெற்கே நிற்கின்றன, சமாளித்துவிடலாம் என்று போனான். அலை படகைத் தூக்கிக் கல்லில் அடித்தது. பக்கப் பலகை உடைந்து, ஒரு பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் படகோட்டும் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும் வரை வீட்டிலிரு என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

செய்தி கேட்டு அவள் ஓடினாள். தம்பி சட்டைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நான் கொடுத்த காத்தைப் பார்த்துத்தானே எடுத்த?"

"ஆமா."

"அன்னிக்கு மேற்குக்குத் தெற்கேதான் போட்டிருந்தேன். அப்புறம் ஏன்டா தெற்குத் துறைக்குப் போன?"

"எப்பவும் பார்க்கற மாதிரிதான்கா பார்த்தேன். இப்ப என்னை ஒண்ணும் கேக்காத."

எப்பவும் பார்க்கிற மாதிரி என்றால் எந்த மாதிரி? ஊரில் எல்லாரையும் குடைந்து குடைந்து கேட்கிறவள், அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

விசாரணை துறைமுக ஆபீஸின் மாடியில் நடந்தது. நீள மேஜை, கறுத்துப்போன மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே கயிறு காய்ந்துகொண்டிருந்தது. தலைவராகத் துறைமுக அதிகாரி, அவர் பக்கத்தில் படகுக் கம்பெனி மேனேஜர், ஓரத்தில் இன்ஷூரன்ஸ்காரர். வானிலை ஆபீஸ் சார்பில் மேலதிகாரியும் அவளும் போயிருந்தார்கள். வண்டியில் வரும்போதே அவர், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தத் திருப்பின கதையெல்லாம் எடுக்காதே" என்று சொல்லி வைத்திருந்தார்.

துறைமுக அதிகாரிக்கு யாரோ பாதி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "மீட்டரை நாட்னு எடுத்துட்டீங்களா, அதான் குழப்பமா?" என்றார்.

"இல்லை சார், வேகம் சரியாத்தான் இருந்தது. அன்னிக்கு உங்க காத்துமானி காட்டினதும் நாங்க கொடுத்ததும் ஒண்ணுதான்."

"ஒரு நாட்னா ரெண்டு மீட்டரா, அரை மீட்டரா?"

"ஏறக்குறைய அரை சார். ஆனா பிரச்சினை அதுல இல்லை."

"அப்ப ரெண்டால பெருக்கணுமா, வகுக்கணுமா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இன்ஷூரன்ஸ்காரர் இரண்டையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே ஒரு மூச்சு ஓடியது. முன்கணிப்பில் பிழையில்லை என்று முடிவானதும் எல்லார் கண்ணும் தம்பிமேல் திரும்பியது. சரியான காற்றைக் கையில் கொடுத்தும் தப்பான துறைக்குப் போனவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

"துறையை எப்படி முடிவு பண்ணுவே? செஞ்சு காட்டு" என்றார் அதிகாரி.

தம்பி கடல் வரைபடத்தை மேஜையில் விரித்தான். அதில் அச்சிட்டிருந்த திசைவட்டத்தில், அக்காவின் ஆபீஸ் கொடுத்த திசைக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். பிறகு வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து அந்தப் புள்ளிக்கு வடக்குப் பக்கத்தில் வட்டத்தின்மேல் படுக்க வைத்து, விரலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு புள்ளி வைத்தான்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"ரெண்டு விரல் சேர்த்துக்கணும் சார். தீவுல குன்று இருக்குல்ல, அது காத்தை வளைச்சுவிடும். நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து இப்படித்தான். நாங்க எல்லாருமே இப்படித்தான் செய்வோம். ஒருநாளும் தப்பினதில்லை."

யூனிட்டக்கா எழுந்து போய் வரைபடத்தின் அருகே நின்றாள். இரண்டு புள்ளிக்கும் நடுவே இருக்கிற டிகிரிக் கோடுகளை எண்ணினாள். பதினாலு. அவன் விரல்கள் இன்னும் வட்டத்தின்மேல்தான் இருந்தன. நகத்தோரத்தில் கிரீஸ். அவன் மண்டையில் நாலு போட வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

"குன்று இல்லை சார்" என்றாள்.

"உட்காரும்மா" என்று மேலதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவள் உட்காரவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டினாள். உச்சியிலிருந்து விளிம்புக்குச் சுற்றிலும் கோடு போட்டாள். "இந்த உச்சி வடக்குன்னு வெச்சுக்குங்க. இந்தக் கோடெல்லாம் வடக்கே போகுது." கூம்பைப் பிரித்து மேஜையில் தட்டையாக வைத்தாள். கோடுகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன. அதன்மேல் நேர் நேராகக் கட்டம் போட்டாள். "எங்களுக்கு வர்ற கட்டம் இப்படித்தான். நடுவுல மட்டும்தான் கட்டமும் வடக்கும் ஒத்துப்போகுது. நம்ம துறைமுகம் இந்தா, இந்த ஓரத்துல. இங்க வடக்கு இடப்பக்கம் சாஞ்சிருக்கு. பதினாலு டிகிரி. அதைத் திருப்பிக் கொடுக்கணும். நாங்க இத்தனை வருஷமாத் திருப்பாமலே கொடுத்திருக்கோம். எங்க தப்பை இவங்க ரெண்டு விரலை வெச்சு அடைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பழி பாவம் அந்தக் குன்றுமேல. போன வாரம் நான் திருப்பினேன். யாருக்கும் சொல்லலை. இவங்க அதுக்கு மேலயும் ரெண்டு விரல் சேர்த்தாங்க."

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சொல்லலை?"

அவள் மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் ஜன்னலில் காயும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிவிப்பு அனுப்பணும்னு கேட்டேன் சார். வேண்டாம்னாங்க. சரியானதைச் சொல்ல வேண்டியதில்லைன்னு நானும் நம்பிட்டேன். ஸ்ராங்கு என் கூடப்பிறந்த தம்பி. ஒரு போன் போட்டுக்கூடச் சொல்லலை."

பிறகு நடந்ததை இழுப்பானேன். காற்று சரியில்லை என்று தெரிந்தும் துறையை மாற்றாததற்குத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து, லைசென்ஸைத் திருப்பித் தந்தார்கள். வானிலை ஆபீஸுக்குக் காட்டமாகக் கடிதம் வந்தது. மேலதிகாரி அவளைத் தரவுப் பிரிவிலிருந்து எடுத்து, அறிவிப்பு எழுதும் பிரிவில் போட்டார். "அறிவிப்பு, அறிவிப்புன்னு உயிரை எடுத்தியே, எழுது" என்றார். கட்டங்களோடு காலம் தள்ளியவள் இப்போது நாளெல்லாம், 'அன்புடையீர், மழை மில்லிமீட்டரில் தரப்படுகிறது' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். பத்திரிகை உதவியாசிரியர் அதையும் படிப்பதில்லை.

லைசென்ஸ் வந்த அன்று தம்பி வீட்டுக்கு வந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று அவள் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவே இல்லை.

"இத்தனை வருஷமாத் தப்பான காத்தைக் கொடுத்திருக்கீங்க. நான் ஒரு பாவமும் அறியாத அந்தக் குன்றைப் போய் தினம் திட்டியிருக்கேன்."

"நீ ஒரு வார்த்தை கேட்டியாடா? விரலை வெச்சுச் சேர்த்துக்கிட்டேன்னு என்கிட்டச் சொன்னியா?"

"அதான் வாராவாரம் சொன்னேனே, கழுத்து சுளுக்குன்னு."

"அது சொல்ற லட்சணமா? எத்தனை டிகிரி, எந்தப் பக்கம்னு சொல்லணும்."

"எத்தனைன்னு நீ கேட்டியா? ஊரையெல்லாம் கேக்கற, என்னைக் கேட்டியா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை; அவன் குடும்பத்துக்கு அவள் தட்டும் வைக்கவில்லை. பிள்ளைகள் கழுத்தைக் கோணவில்லை. மாமியாரே வாய்விட்டு, "அவன் வராம வீடு வீடா இல்லை" என்றார். நமக்கு மட்டும் எவ்வளவு அரிசி என்று அவர் கேட்டதற்கு யூனிட்டக்கா, "ஏதோ ஒரு அளவு போடுங்க அத்தை" என்றாள். மாமியார் பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பழுது பார்த்த படகு மறுபடி கடலில் இறங்குகிற காலையில் போன் அடித்தது. தம்பி. பின்னால் எஞ்சின் சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டது.

"அக்கா, இன்னிக்குக் காத்துத் திசை வந்திருக்கு. பலகை மாட்டணும்."

"நான் இப்ப அந்தப் பிரிவுல இல்லைடா. அங்க இருக்கறவங்களைக் கேளு."

"அவங்களைக் கேட்டேன். வடமேற்குன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க." எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினான். "எந்த வடக்குக்கா? நிஜ வடக்கா, கட்டத்து வடக்கா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தாள். பத்திரிகைக்காரர் கேட்கவில்லை, மேலதிகாரி கேட்கவில்லை. தனக்குப் பெயர் வைத்துக் கேலி செய்தவன் கேட்கிறான்.

"நிஜ வடக்குதான்டா. நான் திருப்பினது அப்படியேதான் இருக்கு. காலையில போய்ப் பார்த்துட்டுத்தான் என் சீட்டுல உட்கார்ந்தேன்."

"அப்ப விரல் வேண்டாமா?"

"விரலைச் சட்டைப் பையில வெச்சுக்கோ."

"சரி, தெற்குன்னு மாட்டிடறேன்" என்றான். வைக்கப் போனவன் மறுபடி கூப்பிட்டான். "அக்கா, ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் வர்றோம். அரிசி கொஞ்சம் சேர்த்துப் போடு."

"கொஞ்சம்னா எவ்வளவுடா?" என்றாள் அவள்.